அம்மா போன பிறகு சித்தி வீடு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொந்தபந்தம் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு நாற்பது வயது. ஓசூரில் இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போன வருடம் அம்மா தவறிவிட்டார். அம்மாவுடன் பிறந்தவர்கள் நான்கு பெண்கள், ஒரு ஆண். சின்ன வயதில் லீவு விட்டால் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாரும் ஆச்சி வீட்டில்தான் கிடப்போம். இப்போது யாரிடமிருந்தும் போன் வருவதில்லை. நானே ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன். அதில் காலை வணக்கமும் பூப் படமும்தான் வருகின்றன. இந்த உறவெல்லாம் இப்படியே விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன், மனசு கொஞ்சம் ஆறும். அவர்கள் யாரும் உங்களை மறந்துவிடவில்லை. பாதிப் பேரிடம் உங்கள் நம்பரே இருக்காது. இத்தனை வருடமும் உங்கள் செய்தி அவர்களுக்கும், அவர்கள் செய்தி உங்களுக்கும் அம்மா வழியாகவே போய் வந்தது. "தென்காசி சித்திக்கு முட்டுவலியாம்" என்று அம்மா சொல்வார். "அப்படியா, டாக்டர்கிட்ட காட்டினாங்களா" என்று நீங்கள் அம்மாவிடமே கேட்பீர்கள். சித்திக்கு நேராகப் போன் போட வேண்டிய தேவையே வந்திருக்காது. இப்போது நடுவில் இருந்தவர் இல்லை. அம்மா வழியாக இருந்த ஒவ்வொரு உறவையும் இனி நீங்கள் நேர் உறவாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் செய்ய முடியும்.

நம்ம பக்கத்தில் முதலில் விட்டுப்போவது இந்தப் பெரியம்மா, சித்தி வழி உறவுதான். எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. பங்காளிகளுக்கு ஒரே குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் என்று வரி கொடுத்து ஒரே இடத்தில் பொங்கல் வைக்கிறவர்கள். பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு எல்லாம் சேர்ந்தே காப்பார்கள். கோர்ட்டில் வழக்கு நடந்தாலும் வருடத்தில் ஒரு நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். தாய்மாமனுக்கும் முறை இருக்கிறது. அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துகிறோம். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சீர் கொண்டுவருவது அவர்தான். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் கொடுக்கல் வாங்கல் பேச்சாவது நடக்கும்.

அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு இப்படி எதுவுமே கிடையாது. பெரியம்மா ஒரு ஊருக்கு வாக்கப்பட்டுப் போனார், சித்தி வேறொரு ஊருக்கு. ஆளுக்கொரு குலதெய்வம். அண்ணன் தங்கை முறை என்பதால் சம்பந்தப் பேச்சும் இல்லை. எந்தச் சடங்கிலும் "பெரியம்மா பிள்ளையைக் கூப்பிடு" என்று யாரும் தேட மாட்டார்கள். ஆச்சி வீடு ஒன்றுதான் இவர்களைச் சேர்த்துவைத்திருந்தது. ஆச்சியும் போய், வீட்டையும் விற்ற பிறகு, கூடிப் பார்க்க ஒரு இடமும் இல்லை, நாளும் இல்லை. ஆகவே இந்த வழியில் பாசம் மட்டும் போதாது. அதற்கு ஒரு இடத்தையும் நாளையும் நீங்களே உண்டாக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். அம்மாவின் போனிலிருந்து. அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அம்மா எப்படிப் பதிந்துவைத்திருக்கிறார் என்று பாருங்கள். "தென்காசி", "ராசா வீடு", "கடையம் பெரியத்தான்" என்றெல்லாம் இருக்கும். பாதி யார் என்றே உங்களுக்குப் புரியாது. இருக்கிறவர்களில் மூத்த பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "இது யாரு, அது யாரு" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதல் போனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஒரு மணி நேரம் பேசுவார்.

அடுத்தது அம்மாவின் பீரோவில் இருக்கும் மொய் நோட்டு. தூக்கிப்போட்டுவிடாதீர்கள். உங்கள் கல்யாணத்து நோட்டை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள். அப்புறம் ஊர், பெயர், தொகை என்று யாரோ ஒரு மாமா குனிந்த தலை நிமிராமல் எழுதியிருப்பார். சில வரிகளுக்குப் பக்கத்தில் வேறு மையில் அம்மாவின் கையெழுத்து இருக்கும்: "செய்தாச்சு", "பால்காய்ச்சுக்குச் செய்தது" என்று. குறிப்பே இல்லாத வரிகளைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் இன்னும் திருப்பிச் செய்யவில்லை. அங்கே நடக்கிற விசேஷத்துக்குப் போக உங்களுக்குக் கடமையே இருக்கிறது. அழைப்பு வரவில்லை என்றாலும், "அம்மா நோட்டைப் பார்த்தேன், உங்க வீட்டுக்குச் செய்ய வேண்டியது இருக்கு, அடுத்த விசேஷம் எப்போ" என்று நீங்களே கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் நிறுத்தியும் வைக்க மாட்டார்கள்.

வாட்ஸப் குரூப் இருக்கட்டும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் பொதுவாகப் போட்டதை யாரும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. தனியாகக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது எதையாவது கேளுங்கள். கொடுப்பதைவிடக் கேட்பதில்தான் நெருக்கம் சீக்கிரம் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். "சித்தி, அம்மா வைக்கிற சொதி எனக்கு வரவே மாட்டேங்குது" என்று சொல்லிப் பாருங்கள். பாசிப்பருப்பை எவ்வளவு வேகவிட வேண்டும், இரண்டாம் பாலில் முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் எப்போது போட வேண்டும், முதல் பால் ஊற்றிய பிறகு ஏன் கொதிக்கவிடக் கூடாது, எலுமிச்சை பிழிவதற்கு முன்னால் ஏன் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்று படிப்படியாக வரும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வைத்தாயா என்று கேட்பார். அப்புறம் உங்கள் அம்மா கல்யாணத்து மறுவீட்டுச் சொதியில் யார் உப்பை இரண்டு தடவை போட்டார்கள் என்ற கதையும் வரும். வைத்து முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் சித்தியே கூப்பிடுவார், வேண்டுமானால் பாருங்கள்.

உங்கள் தலைமுறையில் எல்லாரையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயலாதீர்கள். சின்ன வயதில் உங்களோடு அதிகம் ஒட்டியிருந்த இரண்டு பேர் யார்? அவர்களோடு தொடங்குங்கள். மூன்று வீடு சேர்ந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். உங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் குற்றாலம் இருக்கிறதே. ஆனி, ஆடியில் சாரல் விழுகிற நாளில் ஒரு சனி ஞாயிறு. இலஞ்சியிலோ தென்காசியிலோ ஒரு வீடு வாடகைக்கு எடுங்கள். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம், கூட்டம் கலைவதற்குப் பாதிக் காரணம் பணக் கணக்குதான். வருடா வருடம் அதே வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர முடிந்தவர்கள் வரட்டும். சித்தி, பெரியம்மாக்களைக் கட்டாயம் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஐந்தருவியில் நனைந்து வந்து தலை துவட்டிக்கொண்டே உங்கள் பிள்ளைகள் அவர்களிடம் கதை கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கிக்கொண்டார்களா என்று மட்டும் கவனியுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அவர்களும் உங்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ஒன்றுவிட்ட சித்தப்பா இறந்த செய்தி குடும்ப குரூப்பில் வந்தது. வேலை நெருக்கடியில் போக முடியவில்லை. குரூப்பில் இரங்கல் போட்டேன். அது போதாதா? இந்தக் காலத்தில் எல்லாச் சாவுக்கும் நேரில் போக முடியுமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: போதாது, தம்பி. நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் போனால் போதும், துக்கத்துக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் தபால் துறையில் வேலை பார்த்தவள். சாவுச் செய்தி தந்தியாக வந்த காலம் அது. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். தந்திச் சேவகர் தெருவுக்குள் நுழைந்தாலே அக்கம்பக்கம் வெளியே வந்து நிற்கும். பதினாறாம் நாள் கார்டு வந்தால் படித்த கையோடு கிழித்துப்போட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு தேட ஆரம்பிப்பார்கள். கடன் வாங்கியாவது போனார்கள்.

உங்களால் அன்றைக்குப் போக முடியாதது எனக்குப் புரிகிறது. அதற்கு வழியிருக்கிறது. இன்றே சித்திக்குப் போன் செய்யுங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம், கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும், அவர் சொல்லிக்கொண்டே போவார். அப்புறம் பதினாறு முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பி, பந்தலும் பிரித்த பிறகு ஒரு நாள் போங்கள். அந்த வீட்டில் அப்போதுதான் ஆள் இருக்காது. கும்பலோடு வந்தவர்களைவிட அப்படி வந்தவரைச் சித்தி நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பார்.

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். தாத்தாவின் தோட்டத்தில் அத்தை பாகம் கேட்டதிலிருந்து அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சே இல்லை. அத்தைக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வயதில் பாதி நாள் அத்தை வீட்டில் வளர்ந்தவன் நான்.
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அத்தை கேட்டது தானமோ சலுகையோ கிடையாது, அவருடைய உரிமை. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்து என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த விலக்கும் போனது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருடம் ஓடியது. பிறப்பாலேயே உரிமை, அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தால் விஷயம் வேறு. அதை ஆவணத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். அது அப்பாவும் அத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

உங்கள் வேலை வேறு. உங்கள் கல்யாணத்தில் தங்கையோ அக்காவோ இணைச்சீர் செய்வார் அல்லவா? உங்கள் அப்பா கல்யாணத்தில் அந்த இணைச்சீர்க்காரியாக உட்கார்ந்தது யார்? அத்தைதானே? அதை அப்பாவிடம் ஒரு முறை, சத்தம் போடாமல், ஞாபகப்படுத்துங்கள். விவாதம் செய்ய வேண்டாம். "நான் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வருகிறேன்ப்பா" என்று முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். ஒளித்துச் செய்தால் நாளைக்கு அது இன்னொரு சண்டையாகும்.

கூரியரிலும் போனிலும் அனுப்பாதீர்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து நேரில் கொடுங்கள். பூமிப் பேச்சு வந்தால், "அத்தை, அதை நீங்களும் அப்பாவும் பேசிக்குங்க, நான் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கேன்" என்று நிறுத்திவிடுங்கள். இங்கே கேட்டதை அங்கே சொல்வதும், அங்கே கேட்டதை இங்கே சொல்வதும் கூடவே கூடாது. மண்டபத்துக்கு வர அவருக்கு மனம் வராமல் போகலாம். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் முடிந்த வாரமே புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் காலில் விழுங்கள். அப்பா மனம் மாறட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அத்தைக்கும் வயதாகிறது.

கேள்வி: சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று என் அண்ணன் மகனுக்கே என் மகளைக் கேட்கிறார்கள். மறுத்தால் உறவு முறிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: மகளுக்கு விருப்பமா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளைக் கேளுங்கள், அதுவும் தனியாக. அவளுக்கு வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவளுக்கும் சம்மதம் என்றால், மரபணு ஆலோசனை தருகிற டாக்டரை இரண்டு பேரும் போய்ப் பார்க்கட்டும். நேர் அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய குடும்பம் என்றால் இன்னும் கூடலாம். அண்ணனிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்தவர் வாயால் போக வேண்டாம். கொஞ்ச நாள் முகம் கொடுக்க மாட்டார். அந்த நாட்களிலும் அண்ணிக்குப் போன் செய்வதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் கூடலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருக்கிறோம். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சிலோனிலிருந்து வந்தவர். அவருடைய தங்கை அங்கேயே தங்கிவிட்டாராம். வந்த புதிதில் கடிதம் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. அம்மாயிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தங்கச்சி பேரைச் சொல்லி அழுகிறார். எப்படித் தேடுவது?
— ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் கணவருக்கு நீலகிரியில் வேலை என்பதால் நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு சில வருடம் அங்கே தபால் அலுவலகத்தில் இருந்தேன். உங்கள் அம்மாயி மாதிரி எத்தனையோ பேருக்கு ஏர்மெயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிப்பேன். அடுத்து என்ன எழுத என்று கேட்டால் பேச்சு வராது அவர்களுக்கு. கவுன்டருக்கு வெளியே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாரியம்மன் திருவிழா நடந்துச்சான்னு கேளும்மா" என்பார்கள்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரையும் 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த அக்காளுக்கு இந்தியா பாஸ்போர்ட், கட்டிக்கொண்ட இடத்தை வைத்துத் தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஆனது இப்படித்தான். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். டேன்டீ தோட்டங்களை 1968-ல் தொடங்கியதே இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1980-களின் நடுவில் கப்பலும் நின்றது. அங்கே கலவரமும் போரும். கடிதம் நின்றதற்கு உங்கள் சின்ன அம்மாயியைக் குறை சொல்ல முடியாது.

தேட முடியும். அம்மாயியின் பழைய பாஸ்போர்ட், பேமிலி கார்டு வீட்டில் இருக்கிறதா பாருங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும், எறிந்திருக்க மாட்டார்கள். அதில் தோட்டத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள்: அம்மாயி வாயால் சொல்வது அங்கே தமிழர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயராக இருக்கலாம். கம்பெனிக் கணக்கில் அதே தோட்டத்துக்கு வேறு பெயர் இருக்கும். பழைய கடித உறை ஒன்றாவது கிடைத்தால் இரண்டும் தெரிந்துவிடும். தோட்டங்களை 1970-களில் அரசு எடுத்து, 1990-களில் மறுபடி கம்பெனிகளிடம் கொடுத்தது. நிர்வாகம் மாறினாலும் தோட்டத்துப் பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

அம்மாயி தெளிவாக இருக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா, கங்காணி பெயர் என்ன, தங்கையின் புருஷன் பெயர், அவருடைய அப்பா பெயர், கிட்டத்தில் இருந்த டவுன் ஹட்டனா, பதுளையா, நுவரெலியாவா. இந்தியாவில் அவர்களுடைய பூர்வீக ஊர் எது என்பதையும் கேளுங்கள். அங்கே இன்றும் வயதானவர்கள் ஆளை அடையாளம் சொல்வது அதை வைத்துத்தான். பேச்சை போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள், அந்தக் குரலே அங்கே போய்ச் சேர வேண்டியதாக இருக்கலாம்.

பிறகு பேஸ்புக்கில் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடுங்கள். கோயில் திருவிழாப் படங்கள் போடுகிற பேரப்பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் அம்மாயியின் இள வயதுப் போட்டோவை அனுப்பி, லயத்துப் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். கூடவே தோட்டத்து ஆபீசுக்கும், தோட்டத்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். சாதாரணத் தபால் வேண்டாம், தபால் அலுவலகத்தில் கேட்டு ரசீதோடு போகிற தபாலில் அனுப்புங்கள். சின்ன அம்மாயி இல்லாமல் போயிருக்கலாம், அதற்கும் வீட்டில் தயாராக இருங்கள். பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் இந்தியாவில் ஒரு பெரியம்மா உண்டு என்று சொல்லித்தான் வளர்த்திருப்பார்.

தோட்டத்துப் பெயரும் டிவிசனும் தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த ஆபீசுக்குப் போக வேண்டிய கடிதத்தை, விலாசத்தோடு, நான் எழுதி அனுப்புகிறேன். அம்மாயியைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்கள். கைநாட்டு என்றாலும் சரிதான்.